ஊக்குநர்: மு. முத்திருளன்

2025 நவம்பர் 9, ஞாயிறு

இன்று ஒரே நாளில் என் ஆயுளில் பத்து வருசம் குறைந்துவிட்டது. காரணம் மாப்பிள்ளை அசோக்குமார்.

திவ்யா என் தம்பி மகள். தம்பியும் அவன் பொஞ்சாதியும் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஏழு வயது. என் பிள்ளைகளோடு சேர்த்து நான்தான் வளர்த்தேன், நான்தான் படிக்க வைத்தேன், நான்தான் கட்டிக் கொடுத்தேன். என் பொஞ்சாதி கனகலட்சுமியும் கூட இருந்தாள். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் பழங்காநத்தம் ரவுண்டானாவில் மூன்று மணி நேரம் பஸ் நகரவில்லை. சரி, அரை மணி நேரம்.

செப்டம்பரில் திவ்யாவுக்கு இரண்டாவது பெண் பிறந்தது. பிறந்த அன்று ரத்தம் நிற்கவில்லை. பிழைப்பாளா என்று யாருக்கும் தெரியாது. பிழைத்தாள். டாக்டரம்மா இரண்டு விசயம் சொன்னார். இன்னொரு தடவை கர்ப்பமானால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. வயிற்றைத் திறந்து கருத்தடை செய்வதையும் இந்த உடம்பு இப்போது தாங்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். பெரியப்பன் இல்லையா நான்.

காலையில் மாப்பிள்ளை பசுமலையிலிருந்து என் வாடகைக் கடைக்கு வந்தான். மதுரைத் தெற்கில் என்னுடைய சேரும் சாமியானாவும் போகாத விசேசம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வேறு. வந்தவன் சும்மா நிற்காமல் சேரை அடுக்க ஆரம்பித்தான். அடுக்கிக்கொண்டே சொன்னான்.

“மாமா, நான் குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிறேன்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

என் கையிலிருந்த பதினைந்து சேரும் கீழே விழுந்தது.

லாரிப் பட்டறையில் வெல்டர். ஆள் ஆறடி. இவன் போய் இப்படிப் பேசினால்? அது பொம்பளைகள் சமாச்சாரம். ஆம்பளை எங்கே அதில் வந்தான்? ஆம்பளை என்றால் முன்னால் நிற்க வேண்டும் — பந்தியில், பஞ்சாயத்தில், போட்டோவில். படுக்கையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு “வெட்டுங்க டாக்டர்” என்று சொல்வது எந்த ஊர் ஆம்பளைத்தனம்?

நவம்பர் 10

கனகலட்சுமியிடம் சொன்னேன். “நல்ல பையன்” என்றாள். எனக்கு ஒரு இட்லி குறைவாக வைத்தாள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நவம்பர் 14

மாப்பிள்ளையின் அப்பா காளை, மேலூர்ப் பக்கம் ஊரிலிருந்து போன் செய்தார். எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது.

“மச்சான், ஒங்க மருமகன் என்னமோ கிறுக்குத்தனம் பண்ணப் போறானாம்ல?”

“எனக்கு மருமகன், ஒங்களுக்கு மகன்தான மச்சான்?”

“அவன் ஒங்க பேச்சத்தான் கேப்பான். மாசிச் சிவராத்திரிக்குப் பெட்டி தூக்குற ஒடம்பு மச்சான் அது. கத்தி படலாமா?”

அவர்கள் வகையறாவில் குலசாமியின் நகை, பட்டு எல்லாம் வைத்த மரப்பெட்டி ஒன்று உண்டு. சிவராத்திரியன்று மூத்த மகன் அதைத் தலையில் வைத்துக் கோயிலுக்கு நடந்து போக வேண்டும். இத்தனை வருசம் காளை தூக்கினார். மூட்டு வலி வந்துவிட்டதால் வருகிற மாசியில் அசோக்குமார் தூக்க வேண்டும். குறை உள்ள உடம்பு தூக்கக் கூடாதாம்.

“ஒங்களுக்குக் குடலிறக்க ஆபரேசன் நடந்துச்சே மச்சான், அதுக்கப்புறமும் தூக்குனீகளே?” என்று கேட்டேன்.

“அது வேற.”

எப்படி வேறு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “என் ஒரு சொல் போதும், ஆள உக்கார வச்சிருவேன்” என்று வாக்குக் கொடுத்தேன். நான் சொல்லி இந்தப் பேட்டையில் நிற்காத சண்டை கிடையாது.

நவம்பர் 27, வியாழன்

மாப்பிள்ளையைத் தடுக்கத்தான் போனேன். இதை முதலில் எழுதிவைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது.

அரசு ஆஸ்பத்திரியில் ஆண்களுக்கு முகாம். “நானும் வாரேன்” என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்து என் வேலையை ஆரம்பித்தேன்.

“மாப்ள, எங்க ஊர்ல ஒருத்தன் இதப் பண்ணிக்கிட்டு மறுநாள் ஒரு கொடம் தண்ணி தூக்க முடியல.”

“யாரு மாமா?”

“ஒனக்குத் தெரியாது. செத்துட்டான்.”

“இதுனாலயா?”

“இல்ல. பாம்பு கடிச்சு.”

சிரித்துவிட்டான். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு அவன் ஒரு கேள்வி கேட்டான்.

“அத்தைக்குப் பண்ணுனப்ப நீங்க என்ன செஞ்சீங்க மாமா?”

கேட்டால் சொல்லாமல் இருப்பேனா? பகல் ராத்திரி பார்க்காமல் வார்டு வாசலிலேயே நின்றது, டாக்டரே வந்து “முத்திருளன், கொஞ்சம் ஒக்காருங்க” என்று கெஞ்சியது, நான் இட்லி பிட்டு ஊட்டியது, அவளை ரெண்டு கையிலும் ஏந்தி வந்து ஆட்டோவில் வைத்தது — எல்லாம் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களும் காது கொடுத்தார்கள்.

“அதான் மாமா” என்றான் அசோக்குமார். “பொஞ்சாதிக்காக நீங்க அம்புட்டு செஞ்சிருக்கீங்க. நான் அரை மணி நேரம் படுக்க மாட்டனா? உள்ள போறதுக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. இப்ப இல்ல.”

எழுந்து உள்ளே போய்விட்டான்!

அவன் உள்ளே போன கையோடு ஒரு சுகாதார அம்மா தாளோடு வந்து, “கூட வந்த பெரியவரு நீங்கதான? மாப்பிள்ளைய நீங்க கூட்டிட்டு வந்தீங்களா? இங்க கையெழுத்துப் போடுங்கய்யா” என்றார். கையெழுத்து என்றால் எனக்கு முன்னால் யாரும் போட்டதில்லை. எட்டாவதோடு நின்றாலும் என் கையெழுத்தைப் பார்த்தால் தாசில்தார் என்பார்கள். கண்ணாடி வீட்டில் இருந்தது. மூன்று இடத்தில் போட்டேன்.

ஸ்ட்ரெச்சரில் வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்து வந்தான். “டீ குடிப்பமா மாமா?” என்றான். கத்தியும் இல்லையாம், தையலும் இல்லையாம். மூன்று மாதம் கழித்து ஒரு பரிசோதனை. அதில் உயிரணு இல்லை என்று வந்தால்தான் முடிந்ததாம். அதுவரை கவனமாக இருக்க வேண்டும். இத்தனை விவரம் கேட்டு வைத்திருக்கிறான் பையன்.

கிளம்பும்போது அந்த அம்மா எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். தடுக்கத்தான் முடியவில்லை, வந்ததற்கு மரியாதையாவது கிடைத்தது. மாப்பிள்ளையை ஒரு படம் எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

நவம்பர் 28

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

“ஆண் கருத்தடை சிகிச்சை முகாம். சிறந்த ஊக்குநர்: திரு. மு. முத்திருளன்.”

ஆளைக் கூட்டி வந்தவனாம் நான்! அதற்குள் ஸ்டேட்டஸை நூற்று நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒருவர் காளை.

நவம்பர் 29

போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

“தடுக்கப் போன ஆளுக்கு எதுக்கு மச்சான் பரிசு?”

“அது தெரியாமப் போட்ட கையெழுத்து மச்சான்.”

“தெரியாமப் போட்டவரு, பல்லக் காட்டி போட்டோவுக்கு நிக்கிறாரு!”

“போட்டோன்னா சிரிக்கணும்ல?”

“என் மகன நாசம் பண்ணிட்டு சிரிக்கிறீகளா?” வைத்துவிட்டார்.

நாசம் என்றால் என்ன நாசம்? அவன் நேற்றே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து எனக்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனான். ஆனாலும் எனக்குக் கடுப்பு அவன் மேல்தான். இவன் ஏன் எல்லோரையும் போல இருக்கக் கூடாது? எல்லோரும் இருக்கிற மாதிரி இருந்துவிட்டால் என் பெயர் இப்படி நாறுமா?

டிசம்பர் 16

டீக்கடைக் கருப்பு: “அண்ணே, ஆள் பிடிச்சுக் குடுக்குறீங்களாமே! என்னை விட்ருங்கண்ணே, நானே ஒத்தப் பிள்ளைக்காரன்.”

கடை முழுக்கச் சிரிப்பு. பாதி டீயோடு வந்துவிட்டேன். இனிமேல் அந்தக் கடையில் கால் வைக்க மாட்டேன்.

டிசம்பர் 17

அந்தக் கடையில்தான் டீ நன்றாக இருக்கிறது. என்ன செய்வது.

2026 ஜனவரி 16

மாட்டுப் பொங்கலுக்கு திவ்யா பிள்ளைகளோடு வந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். மாமனார் வீட்டுக்குப் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். அடுப்படியில் கனகலட்சுமியிடம், “அந்த டெஸ்ட்டு முடிவு வர்ற வரைக்கும் அவரு ஹால்லயே படுத்துக்கிறாரு பெரியம்மா. அப்பவும் எனக்கு நாள் தள்ளுனா காலண்டர எடுத்து எண்ண ஆரம்பிச்சிர்றேன்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. விழாத மாதிரி டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

போகும்போது என்னிடம் சொன்னாள். “சிவராத்திரிக்கு நீங்களும் வரணும் பெரியப்பா. ஆனா எங்க மாமனார் பேசுறதுக்கெல்லாம் தலையாட்டிராதீங்க. நீங்க யாரு சத்தமாப் பேசுனாலும் தலையாட்டுவீங்க.”

நான் தலையாட்டுகிறவனாம்! இவளைத் தோளில் போட்டு வளர்த்தேன். “சரிம்மா” என்று தலையாட்டினேன்.

பிப்ரவரி 16, திங்கள்

நேற்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

மேலூர்ப் பக்கம் காளை வீட்டு முற்றத்தில் நான்கு மணிக்கே வகையறா கூடிவிட்டது. பெட்டி மாலை போட்டுத் தயாராக இருந்தது. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அசோக்குமார் ஒரு பக்கம் நிற்கிறான். அவன் தம்பி ராஜபாண்டியும் ஈர வேட்டியோடு இன்னொரு பக்கம் நிற்கிறான். யார் தலையில் வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. பூசாரி காசிமாயன் காளையின் முகத்தைப் பார்த்தார்.

காளை தொண்டையைச் செருமினார். “டேய் அசோக்கு. மதுரையில ஒரு டாக்டர்ட்ட விசாரிச்சுட்டேன். அறுத்தத திருப்பி ஒட்ட வைக்கலாமாம். பெட்டி மேல கைய வச்சுச் சொல்லு, சித்திரைக்குள்ள சரி பண்ணிக்கிறேன்னு. இப்பவே பெட்டி ஒன் தலைக்கு வந்துரும்.”

“அப்பா, திவ்யா ஒடம்பு…”

“அவளுக்கு ஒண்ணும் ஆகாது. சாமி பாத்துக்கும். நம்ம வீட்டுப் பொம்பளைக பெறாத பிள்ளையா? நீ ஆம்பளையாப் பதில் சொல்லு.”

திவ்யா கைக்குழந்தையோடு தூண் பக்கம் நின்றாள்.  அந்த முகத்தை நான் செப்டம்பரில் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அசோக்குமாருக்குக் கண்ணில் தண்ணீர். பத்து வயதிலிருந்து இந்தப் பெட்டிக்காகக் காத்திருந்தவன் அவன். ஊரே பார்க்கிறது. அப்பன் பார்க்கிறார். அவன் கை கொஞ்சம் மேலே எழும்பியது. அது பெட்டிக்குத்தான் போகிறதா, கண்ணைத் துடைக்கத்தான் போகிறதா எனக்குத் தெரியாது. நான் பொறுத்துப் பார்க்கவில்லை.

“நானும் பண்ணிக்கிட்டவன்தான்!” என்று கத்தினேன்.

“எத?” என்றார் காளை.

“இதத்தான். தொண்ணூத்தாறுல. மறுநாளே நாப்பது சேரத் தலையில தூக்குனவன். எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு? மீசை கொட்டிருச்சா? கொரலு கீச்சு கீச்சுன்னு போச்சா? தழும்பு பாக்குறீகளா?”

வேட்டியில் கை வைத்தேன்.

“அடேய், சாமி பெட்டி முன்னாடி வேட்டிய இறக்குனா கண்ணக் குத்தும்டா!” என்று காசிமாயன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. “அதான் ஊக்குநர் பட்டம் குடுத்திருக்காக” என்று ஒருத்தன். “சேரு வாடகைக்கு எடுத்தா ஆபரேசனும் இலவசமா சம்மந்தி?” என்று இன்னொருத்தன். அம்பத்தெட்டு வயதில் நான் இப்படி அவமானப்பட்டதில்லை.

ஆனால் அசோக்குமாரின் கை கீழே இறங்கிவிட்டது. “தம்பி தூக்கட்டும்ப்பா” என்றான். 

பெட்டி ராஜபாண்டி தலைக்குப் போனது. அசோக்குமார் மூத்த மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் கோயில் வரைக்கும் நடந்தான். காளை போகும்போது என் காதில் சொன்னார்: “இந்தப் பேச்சு முடியல மச்சான். அவன் ஒட்ட வைக்கத்தான் போறான்.”

சரி. நான் செய்தது வீரமா இல்லையா? பொய்தான். ஆனால் தன் ஆம்பளைத்தனத்தையே எடுத்து நடு முற்றத்தில் போடுகிற பொய்யை இந்த மதுரையில் வேறு எவன் சொல்லுவான்? கனகலட்சுமி பாராட்டுவாள் என்று பார்த்தேன். பஸ்ஸில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிப்ரவரி 17

பேசவில்லை. சோறு வைக்கிறாள். குழம்பு தனியாக, சோறு தனியாக, மூடி போட்டு. நான் என்ன குற்றவாளியா?

பிப்ரவரி 18

இன்று பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

“தொண்ணூத்தாறுல அறுத்தது என் வயித்த” என்றாள். “இத்தன வருசமா எம்புட்டோ கத சொன்னீங்க. வாசல்ல நின்னேன்னீங்க, இட்லி ஊட்டுனேன்னீங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப என் தழும்பையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களா? எனக்குன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

“அந்தப் புள்ளைக்காகத்தான்டி சொன்னேன்” என்றேன்.

“அவளுக்காகத்தான். அதத்தான் தப்புன்னு சொல்ல முடியல. அதான் எனக்குக் கடுப்பு.”

கத்தினால் நானும் கத்துவேன். அவள் கத்தவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

இந்த நோட்டில் இனி பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் வாசலில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. உசிலம்பட்டியில் கபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் டீம் கால் இறுதிகூடப் போகவில்லை. தோற்ற பிறகும் வீட்டுக்கு வரவில்லை, அங்கேயே சுற்றினேன். போனால் ஆஸ்பத்திரி வாடை, அழுகை, மருந்து — எனக்கு அது பயம். ஆமாம், பயம். கனகலட்சுமி தையலோடு, இடுப்பில் எங்கள் எட்டு மாதக் கடைக்குட்டியோடு, தன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தாள். நான் ரெண்டு நாள் கழித்து அல்வாப் பொட்டலத்தோடு வந்து, பஸ் ஓடவில்லை என்று சொன்னேன். அவள் வந்தது பஸ்ஸில்! அப்போதுகூட அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் குழாயடிக்குப் போனாள்.

அசோக்குமார் என்ன சொன்னான்? நான் செய்ததைக் கேட்டுத்தான் பயம் போனது என்றான். இல்லாத முத்திருளன் ஒருத்தனைப் பார்த்து அந்தப் பையன் ஆம்பளையாகியிருக்கிறான். இருக்கிற முத்திருளன் என்ன செய்கிறான்? ஸ்டேட்டஸ் போடுகிறான்.

ச்சை.

பிப்ரவரி 22, ஞாயிறு

மேலூர் பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கூட வருகிறாயா என்று கனகலட்சுமியைக் கேட்டேன். “நான் எதுக்கு? எனக்குத் தெரிஞ்சதுதான” என்றாள்.

காளை கட்டிலில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்தார். அவர் பொஞ்சாதி மலையம்மாள் அடுப்படியில். அசோக்குமாரை ஒட்ட வைக்கிற டாக்டரிடம் வெள்ளிக்கிழமை கூட்டிப்போகப் போவதாகக் காளை ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்து சொன்னேன்.

“மச்சான், அன்னிக்கு நான் சொன்னது பொய். பண்ணிக்கிட்டது நான் இல்ல, என் வீட்டுக்காரி. அவளுக்குப் பண்ணுனப்ப நான் ஆஸ்பத்திரி வாசல்ல கூட இல்ல. கபடி பாக்கப் போயிட்டேன்.”

காளை தைலப் புட்டியை மூடினார். முகத்தில் ஒரு வெளிச்சம். “அப்படிச் சொல்லுங்க! நீங்களாவது ஆம்பளதான? நான்கூட ஒரு வாரமா வேற மாதிரி நெனச்சுப்புட்டேன்…”

“ஆம்பளையா?” எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “பொஞ்சாதியப் படுக்கப் போட்டுட்டு ஓடிப் போனவன் ஆம்பளையா மச்சான்? ஒங்க மகன் உள்ள போய்ப் படுத்தான். நான் பாத்தேன். நடந்து வந்து டீ குடிச்சான். அவனுக்கு முன்னாடி நானெல்லாம்…”

முடிக்கவில்லை. அடுப்படியிலிருந்து மலையம்மாள் குரல்.

“எனக்குப் பண்ணுனப்ப இவரு மட்டும் எங்க இருந்தாரு? கேளுங்கண்ணே.”

“ஏய், நீ சும்மா இரு.”

“மாட்டுச் சந்தையில இருந்தாரு. எனக்கு அன்னிக்குக் காய்ச்சல் நூத்தி மூணு. இவரு காளங்கன்னு வாங்கிட்டு வந்து, சுழி நல்லாருக்கான்னு எங்கிட்டயே காட்டுனாரு.”

காளை மூடிய தைலப் புட்டியைத் திரும்பத் திறந்தார்.  மலையம்மாள் கரண்டியோடு வாசல்படிக்கு வந்து நின்றாள்.

“என் மகன எந்த டாக்டர்ட்டயும் கூட்டிப் போகக் கூடாது. அந்தப் புள்ள செத்தா ரெண்டு பொம்பளப் பிள்ளைகள யாரு பாப்பா? நீங்களா? சோறு தின்னுட்டுப் போங்கண்ணே.”

இந்த வீட்டில் அந்த அம்மா இத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. காளையும் கேட்டதில்லை போல. “வெயிலு இப்பவே இம்புட்டு அடிக்குது” என்றார், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து. “ஆமா மச்சான்” என்றேன். ரெண்டு பேரும் குனிந்துகொண்டே சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமையைப் பற்றி அப்புறம் பேச்சு வரவில்லை.

பிப்ரவரி 23

நடந்ததைக் கனகலட்சுமியிடம் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நம்பாமல் மலையம்மாளுக்குப் போன் போட்டு விசாரித்தாள்! அரை மணி நேரம் ரெண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். “பொம்பளைக சமாச்சாரம்” என்றாள்.

மார்ச் 3, செவ்வாய்

இன்று பரிசோதனை முடிவு. அசோக்குமார் “வரீங்களா மாமா?” என்று கேட்டான். அவன் கேட்காமல் நானாக வண்டியில் ஏறவில்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பதினோரு மணி வரை காத்திருந்தோம். தாளை வாங்கினான். படிக்காமல் எனக்கு நீட்டினான். கண்ணாடி இருந்தது, போட்டுப் படித்தேன். உயிரணுக்கள் இல்லை என்று எழுதியிருந்தது. ரெண்டு தடவை படித்தேன். பிறகு அவனிடம் கொடுத்து, “நீயே சொல்லு மாப்ள, அவ கேக்கணும்” என்றேன்.

போன் போட்டான். “இல்லயாம்” என்றான்.  அந்தப் பக்கம் திவ்யா மூக்கை உறிஞ்சுவது எனக்கே கேட்டது. அதற்கப்புறம், “சரி, வரும்போது ரவை வாங்கிட்டு வாங்க” என்றாள். அசோக்குமார் சுவரில் சாய்ந்து நின்று அழுதான். அழுது முடிக்கட்டும் என்று நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு ஆள், முப்பது வயது இருக்கும். கையில் அந்த முகாம் நோட்டீஸைச் சுருட்டிச் சுருட்டிக் கசக்கிக்கொண்டு இருந்தான். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்.

“அண்ணே, நீங்க பண்ணிக்கிட்டவரா? வலிக்குமாண்ணே?”

வாயில் வந்து நின்றது. நாற்பது சேர் வந்தது, வாசலில் நின்றது வந்தது, டாக்டர் கெஞ்சியது வந்தது. எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

“நான் பண்ணிக்கலப்பா” என்றேன். “அந்தா செவத்துகிட்ட நிக்கிறாரு பாரு, எங்க மாப்ள. அவரு பண்ணிக்கிட்டவரு. அவரக் கேளு.”

அசோக்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். பெஞ்சில் ரெண்டு பேருக்குத்தான் இடம். நான் எழுந்து நின்றுகொண்டேன்.